கருஞ்சதுரமும் கைவிடப்படுதலும்: ஓவியர் எடுவார்ட் ஷ்டெயின்பெர்க்

சோவியத் நாட்டில் விசுவாசம் ஒடுக்கப்பட்ட வரலாற்றைப் பெரும்பாலும் ஆயர்கள், போதகர்கள் ஆகியோரின் வாழ்க்கை வழியாகவே நாம் கற்றிருக்கிறோம். ஓவியர்கள் வாயிலாகவும் அதனைக் கற்கலாம் என்பதற்கு எடுவார்ட் ஷ்டெயின்பெர்க் (1937–2012) தக்க சான்றாவார்.

மாஸ்கோவில் அவர் பிறந்த ஆண்டிலேயே, கவிஞரும் ஓவியருமான தந்தை அர்க்காதி கைது செய்யப்பட்டார். 1944இல் மீண்டும் கைதாகி, 1952இல்தான் விடுதலை பெற்றார். கலைக்கல்லூரி எதிலும் பயிலாத மகனுக்குத் தாருசா என்னும் சிற்றூரில் தந்தையே ஆசானானார். சோஷலிச யதார்த்தவாதம் ஒன்றையே அரசு ஏற்றிருந்த அக்காலத்தில், காவற்காரராகவும் கூலியாளாகவும் உழைத்துக்கொண்டே மகன் தம் வழியில் வரைந்தார். சிப்பிகளும் கற்களும் இறந்த பறவைகளும் அவருடைய தொடக்கக்காலப் படங்களில் வெண்மையினூடே தோன்றின. 1970ஐ ஒட்டி அவ்விடத்தை வட்டமும் முக்கோணமும் சிலுவையும் பெற்றன.

இம்மாற்றத்திற்கு வழிகாட்டியவர் காசிமிர் மலேவிச். அவர் தமது ‘கருஞ்சதுரம்’ ஓவியத்தை 1915ஆம் ஆண்டுப் பெத்ரோகிராத் கண்காட்சியில், ரஷ்ய இல்லங்களில் திருவுருவப் படம் வைக்கப்படும் மேல்மூலையில் மாட்டினார். கடவுளின் இடத்தைக் கலை கைப்பற்றிவிட்டது என்று சிலர் இதற்குப் பொருள் கொண்டனர். ஷ்டெயின்பெர்க்கோ வேறு விதமாகக் கண்டார். 1935இலேயே மறைந்துவிட்ட மலேவிச்சை முன்னிலைப்படுத்தி 1981இல் எழுதிய கடிதத்தில், அச்சதுரம் கடவுளால் கைவிடப்பட்ட நிலையின் எல்லையைக் கலைமொழியில் உரைப்பதாக அவர் விளக்கினார்.

இவ்விளக்கம் நம்மைச் சிலுவையில் எழுந்த கூக்குரலிடம் (மாற்கு 15:34) கொண்டு நிறுத்துகிறது. கைவிடப்பட்டதை அறிக்கையிடுவது அவிசுவாசமன்று; அங்கும் ‘என் தேவனே’ என்ற அழைப்பே முந்துகிறது.

1980களின் நடுவில் அவர் வரைந்த கிராம ஓவிய வரிசையும் இங்கு கருதத்தக்கது. தாம் கோடைதோறும் தங்கிய பொகொரெல்கா கிராமத்தில் மாண்டோரின் பெயர்களைச் சிலுவைகளோடு அவற்றில் பொறித்தார். வரலாற்று நூல்களில் இடம்பெறாத எளியோர் அவ்வாறு நினைவுகூரப்பட்டனர். 1988க்குப் பின் பாரிசிலும் தாருசாவிலுமாக வாழ்ந்த அவர், பாரிசில் மறைந்து தாருசாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

உருவமற்ற சுவர்களுக்கு நடுவே ஆராதிக்கும் நாம், அவ்வெறுமையை இரண்டாம் கற்பனைக்குக் கீழ்ப்படிதலாகவே எண்ணிப் பழகியுள்ளோம். ஷ்டெயின்பெர்க்கின் வெண்மையோ காத்திருத்தலின் வெறுமை. பெரிய வெள்ளிக்கும் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கும் இடைப்பட்ட அந்த மௌன நாளைக் குறித்து நம் பிரசங்க பீடங்கள் பேசுகின்றனவா என்பதே அவர் நம்முன் வைக்கும் வினா.