அட்வான்ஸ் வாங்கினவர் வரவில்லை: ஒரு பழைய வழக்கு



“நாளைக்குக் காலையில கண்டிப்பா வந்துடறேன் சார்.” இதைக் கேட்காத வீடு எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இருக்காது. அட்வான்ஸ் கைக்கு வரும்வரை தினமும் இரண்டு முறை போன் செய்தவர், வந்த பிறகு போனை எடுப்பதே இல்லை. மொட்டைமாடித் தளத்தைப் பாதி பெயர்த்துப் போட்ட நிலையில் மழைக்காலம் வந்துவிடும். கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒருவர், “போலீஸில் சொல்லி உள்ளே தள்ளணும்” என்பார். அப்படித் தள்ளுவதற்கென்றே ஒரு சட்டம் சென்னையில் ஒரு காலத்தில் இருந்தது. அதற்கு வருமுன் இன்னும் பழைய ஒரு நூலைப் பார்த்துவிடுவோம்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்தது. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்த சுவடியிலிருந்துதான் அங்கே நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி 1909-ல் அதைப் பதிப்பித்தார். ராஜதந்திர நூல் என்றுதான் பெயர். ஆனால் உள்ளே நுழைந்தால் நம் கமிட்டி மினிட்ஸ் புத்தகம் போலவே சில பக்கங்கள் இருக்கின்றன! இடம், காலம், செய்யும் விதம் மூன்றையும் பேசியபடி கைவினைஞர் வேலையை முடிக்க வேண்டும். “நாள் எதுவும் பேசவில்லையே” என்று சாக்குச் சொல்லி இழுத்தடித்தால் கூலியில் கால் பங்கு போய்விடும்; கூலியைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் உண்டு. சலவைக்குப் போட்ட துணிக்குக்கூடக் கெடு இருந்தது. துணியின் வகையைப் பொறுத்து இத்தனை இரவுக்குள் திருப்பித் தர வேண்டும், தாண்டினால் கூலி கிடையாது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்துள்ள நுணுக்கம். கூலி வாங்கிக்கொண்டு காரணமின்றி வேலையைத் தள்ளிப்போட்டால் 12 பணம் அபராதம். வேலை முடியும்வரை ஆளைப் பிடித்தும் வைக்கலாம். ஆனால் நோயில் கிடப்பவருக்கும் ஆபத்தில் சிக்கியவருக்கும் சலுகை உண்டு. அல்லது வேறொருவரைக் கொண்டு அந்த வேலையைச் செய்விக்கலாம். வேலை கொடுத்தவரும் தப்பவில்லை. பாதி வேலை வாங்கிவிட்டு, மீதியைச் செய்யத் தயாராக நிற்பவரைச் செய்யவிடாமல் தடுத்தால் அந்த மீதி வேலையும் முடிந்ததாகவே கணக்கு.

1859-ல் வந்த ஆங்கிலேயர் சட்டத்தில் இந்த இரண்டாவது பக்கம் காணாமல் போனது. அந்த ஆண்டின் 13-ஆவது சட்டம் அது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் வியாபாரிகளுக்கும் உற்பத்தியாளர்களுக்கும், முன்பணம் வாங்கிய தொழிலாளிகளால் நஷ்டம் ஏற்படுகிறது என்பதுதான் அதன் முகவுரையே. முன்பணம் வாங்கியவர் வரவில்லையா? மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பித் தருவதா, வேலையை முடிப்பதா என்பதைப் புகார் கொடுத்தவரே தேர்ந்தெடுப்பார். உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் 3 மாதம் வரை கடுங்காவல். பேசிய கூலியைக் கொடுக்காத முதலாளிக்கு இதுபோன்ற சிறை அந்தச் சட்டத்தில் இல்லை.

நகரத்துத் தச்சருக்கும் கொத்தனாருக்கும் என்று வந்த சட்டம் மலையேறியது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் தென்னிந்திய மலைத்தோட்டங்களிலும் அது முதலாளிகளின் கைத்தடியானது. சமவெளிக் கிராமங்களுக்கு வந்த கங்காணி, வறுமையில் இருந்த குடும்பத்தின் கையில் முன்பணத்தைக் கொடுத்து மலைக்கு அழைத்துப் போவார். அங்கே குளிரும் காய்ச்சலும் தாங்காமல் இறங்கி வந்தால், வாங்கிய பணமே குற்றத்துக்குச் சாட்சி. ஏமாற்றுக்காரரும் ஏழையும் அந்தச் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நின்றார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. 1925-ல் இயற்றிய நீக்கச் சட்டம்தான் இதற்கு முடிவு கட்டியது. இதே போக்கில் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 490, 492 பிரிவுகளும் அதோடு போயின.

இன்று காவல் நிலையத்தில் “இது சிவில் விவகாரம் சார், கோர்ட்டுக்குப் போங்க” என்று சொன்னால் நமக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் இவ்வளவு பேருடைய சிறைவாசம் இருக்கிறது. (தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியிருந்தால் அது மோசடிக் குற்றம்; அது வேறு கதை.)

அப்படியானால் நமக்கு என்னதான் வழி? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. காலக்கெடு முக்கியம் என்பது இருவரின் எண்ணமாகவும் இருந்து, அந்தத் தேதி தவறினால், 55-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். தாமதத்துக்கு இவ்வளவு தொகை என்று எழுதியிருந்தால், 74-ஆவது பிரிவின்படி அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு கேட்கலாம். நாம் பெரும்பாலும் கொட்டேஷனில் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் அலசிவிட்டு, தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம்.

2018-ல் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 20-ஆவது பிரிவைத் திருத்தியபோது, அர்த்தசாஸ்திரத்தின் அந்த மாற்று ஆள் யோசனை கிட்டத்தட்ட திரும்பி வந்தது. ஒப்பந்தக்காரர் வேலையைச் செய்யாமல் ஒப்பந்தத்தை மீறினால், குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்குள்ளும் செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்து, ஆன செலவைப் பழையவரிடம் கேட்கலாம். அதன் பிறகு பழையவரையே வந்து முடித்துத் தரும்படி கோர்ட்டில் கேட்க முடியாது, இழப்பீடு கேட்கலாம். வாட்ஸ்அப்பில் திட்டி எழுதுவதை நம்பிக்கொண்டிராமல், செயலாளர் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பிவிடுவதே நல்லது. அந்த 30 நாளும் மழைக்காலத்துக்கு முன்னால் முடியும்படி கணக்குப் போட வேண்டும் என்பதால், தளவேலைக்கான கடிதம் ஆகஸ்டிலேயே போயாக வேண்டும்.