ஐந்து சென்டிமீட்டர் கோடு: பனிக்குட நீரை அளந்த வரலாறு

வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பது என் வேலை, பதில் சொல்வது மருத்துவர்களின் வேலை. இன்று மட்டும் சில நிமிடங்கள் நானே பேசுகிறேன் என்று தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

2015ஆம் ஆண்டு, எனக்குத் தலைப்பிரசவம். 38 வாரம் ஆகியிருந்தது. வழக்கமான பரிசோதனைக்குத்தான் போனேன். பிள்ளை நன்றாக அசைந்துகொண்டிருந்தது. இரத்த அழுத்தம் சரி, சர்க்கரையும் சரி. ஸ்கேன் எடுத்த பிறகு, "தண்ணீர் குறைந்துவிட்டது, 4.6தான் இருக்கிறது. ஐந்துக்குக் கீழே போனால் காத்திருக்க முடியாது. இன்றிரவே வந்து படுத்துவிடுங்கள், வலி வர மருந்து வைத்துவிடலாம்" என்றார்கள். மாமியார் கையைப் பிசைந்தார். "தண்ணி வத்திப்போச்சுன்னா பிள்ளைக்கு ஆகாதும்மா, எதுக்கு யோசிக்கிற, கிளம்பு" என்றார். நானும் கிளம்பினேன். மருந்து வைத்து ஒன்றரை நாள் வலியோடு போராடி, கடைசியில் அறுவை சிகிச்சையில் மகள் பிறந்தாள். இருவரும் நலம்.

மருத்துவர் தவறு செய்தார் என்று குறை சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை. தொழிலிலே நாள்தோறும் கேள்வி கேட்பவள் நான். அன்று மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐந்து என்றால் எந்த ஐந்து? அதை வைத்தது யார்? அந்த எண்ணின் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கையால் பார்த்த காலம்

என் அம்மா 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவர். தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இடத்தின் பெயருக்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். 1924இல் மகப்பேற்று மருத்துவமனையாகத் தொடங்கிய அங்கே, 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 40 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல்! உலகிலேயே ஒரே மருத்துவமனையில் ஓர் ஆண்டில் பிறந்த அதிகமான குழந்தைகள் என்ற சாதனை அது.

"அப்பல்லாம் ஸ்கேனும் இல்லை, ஒண்ணும் இல்லை. தாதி வயித்தைத் தொட்டுப் பார்ப்பாங்க, குழல் வச்சுக் கேட்பாங்க, அவ்வளவுதான்" என்று பாட்டி சொல்வார். உண்மைதான். பனிக்குட நீர் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல அன்றைக்கு வழியில்லை. வயிறு வாரத்துக்கு ஏற்ற அளவில் இல்லை, கை வைத்தால் பிள்ளையின் உறுப்புகள் தெளிவாகத் தட்டுப்படுகின்றன என்பதைக் கொண்டு ஊகிப்பார்கள்.

அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்லிவிடக் கூடாது. 1965இல் சிங்கப்பூரில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 26 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை 2 என்ற அளவுக்கு வந்திருக்கிறது. அளந்து பார்க்கும் கருவிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

கொதிகலன் ஆலையிலிருந்து வந்த கருவி

ஸ்கேன் கருவியின் கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்குகிறது. அங்கே மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்டு. உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலைகளால் கண்டறியும் கருவி அக்காலத்தில் தொழிற்சாலைகளில் இருந்தது. 1955இல் அவர், அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளை ஒரு கொதிகலன் நிறுவனத்திற்கு எடுத்துச் சென்று அந்தக் கருவியில் சோதித்துப் பார்த்தார். நீர் நிறைந்த கட்டியும் தசைக் கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன. 1958இல் ஜான் மக்விகார், டாம் பிரவுன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கருப்பைக்குள் பார்க்கும் கண் மருத்துவத்திற்குக் கிடைத்தது. அந்தத் திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புப் பகுதியை அளக்கலாம் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது.

பயம் எங்கிருந்து வந்தது?

கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீர்தான். பிள்ளை அதைக் குடிக்கும், மீண்டும் வெளியேற்றும். ஏறக்குறைய ஒரே நாளில் முழு நீரும் புதுப்பிக்கப்பட்டுவிடும். 34, 35 வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இயல்பாகவே குறைந்துகொண்டு வரும். நாள் கடந்த கர்ப்பத்தில் இன்னும் குறையும்.

நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாவிட்டால், பிள்ளையின் உடல் மூளைக்கும் இதயத்திற்கும் இரத்தத்தை ஒதுக்கிச் சிறுநீரகத்திற்குக் குறைத்துவிடும். சிறுநீர் குறைந்தால் நீரும் குறையும். ஆகவே நீர் குறைவு என்பது பல நேரங்களில் வேறொரு நோயின் அறிகுறி. சிகாகோ மருத்துவர் எடித் பாட்டர், சிறுநீரகமே இல்லாமல் பிறந்த குழந்தைகளின் முக அமைப்பை 1946இல் விவரித்தார். நீரில்லாத கருப்பையில் அழுந்தி வளர்ந்ததன் அடையாளம் அது என்பது பின்னர் விளங்கியது. நீர் குறைந்தால் தொப்புள்கொடியும் நெருக்கப்படலாம். எனவே மருத்துவர்களின் அச்சம் வெறும் கற்பனை அன்று.

1984இல் சேம்பர்லெய்ன், மேனிங் ஆகியோரின் குழு கனடாவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களை ஆராய்ந்தது. கருப்பையில் இருக்கும் மிக ஆழமான ஒரு நீர்ப் பையை மட்டும் மேலிருந்து கீழாக அளந்தார்கள். அது 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தவர்களில், பிறவிக் கோளாறுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஆயிரத்துக்கு 2 குழந்தைகள் இறந்தன. 1 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தவர்களிலோ ஆயிரத்துக்கு நூறுக்கும் மேல்! மருத்துவ உலகம் திடுக்கிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தாய்மார்கள் அனைவரும் ஏற்கெனவே ஏதோ ஓர் ஆபத்து இருப்பதாகக் கருதி அனுப்பப்பட்டவர்கள்.

ஐந்து பிறந்த விதம்

1987இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெஃப்ரி ஃபீலன் குழுவினர் வேறொரு வழியைக் கொண்டுவந்தனர். தொப்புளை நடுவாக வைத்து வயிற்றை நான்கு பகுதியாகப் பிரிப்பது, ஒவ்வொரு பகுதியிலும் ஆழமான நீர்ப் பையை அளப்பது, நான்கையும் கூட்டுவது. அதுதான் இன்று ஸ்கேன் அறிக்கையில் நாம் காணும் ஏ.எஃப்.ஐ. என்ற குறியீடு. கூட்டுத்தொகை 5 அல்லது அதற்குக் கீழே என்றால் நீர் குறைவு என்று கோடு கிழித்தார்கள். எளிய கணக்கு, யாரும் செய்யலாம். சில ஆண்டுகளிலேயே அது உலகெங்கும் பரவிவிட்டது.

ஆபத்து நிறைந்த கர்ப்பங்களைக் கண்காணிப்பதற்காகப் பயன்பட்ட அந்தக் கோடு, என்னைப் போல வேறெந்தக் குறையும் இல்லாத பெண்களுக்கும் பொருத்தப்பட்டது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

வலியை வரவழைக்கும் மருந்துகள்

நீர் குறைவு என்று தெரிந்தாலும், வலியை வரவழைக்க மருந்து இல்லையென்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. அந்த வரலாறும் இதே காலத்தில்தான் வளர்ந்தது. மூளையடிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று ஹென்றி டேல் 1906இல் கண்டறிந்தார். 1909இல் பிளேர் பெல் அதை மகப்பேற்றில் பயன்படுத்தினார். தொடக்கத்தில் மொத்தமாக ஊசியில் ஏற்றியதால் கருப்பை கிழிந்த கொடுமைகளும் நேர்ந்தன. பிறகு 1948இல் தியோபால்டு அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் முறையை விவரித்தார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ ஆக்சிடோசினை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து வந்தது புரோஸ்டாகிளாண்டின். 1968இல் உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீம் அதைக் கொண்டு வலியை வரவழைத்துக் காட்டினார். அதே கரீம் 1970களில் சிங்கப்பூரில் பணியாற்றினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கண்டாங் கெர்பாவில் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர் பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். 1928இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இந்நாட்டு மகப்பேற்று மருத்துவத்துக்கு வழிகாட்டியாக விளங்கிய நம் தமிழர்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, கருப்பை வாய் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். 1964இல் எட்வர்ட் பிஷப் அதற்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். மதிப்பெண் குறைவு என்றால் வாய் இன்னும் கனியவில்லை, நேரமாகும் என்று பொருள். என் மதிப்பெண் என்ன என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோட்டை மறுபடி அளந்தவர்கள்

5 என்ற கோடு தேவையானவர்களைத்தான் பிடிக்கிறதா என்ற கேள்வி மெல்ல எழுந்தது. 2008இல் நபான், அப்துல்மௌலா என்ற இரு மருத்துவர்கள் 3,226 பெண்களைக் கொண்ட 5 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நான்கையும் கூட்டும் முறையில் இரு மடங்குக்கு மேற்பட்ட பெண்களுக்கு 'நீர் குறைவு' என்று முத்திரை விழுந்தது. வலி வரவழைத்தலும் ஏறக்குறைய இரு மடங்கானது. ஆனால் குழந்தைகளின் நலத்தில் முன்னேற்றம் தென்படவில்லை.

2016இல் ஜெர்மனியில் ஸ்வென் கேல் குழுவினர் 1,052 பெண்களை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். நான்கையும் கூட்டிய பிரிவில் 9.8 விழுக்காட்டினருக்கு நீர் குறைவு என்று முடிவாயிற்று. ஆழமான ஒரு பையை மட்டும் அளந்த பிரிவில் 2.2 விழுக்காடுதான். நீர் குறைவுக்காக வலி வரவழைக்கப்பட்டவர்கள் முதல் பிரிவில் 12.7 விழுக்காடு, அடுத்ததில் 3.6 விழுக்காடு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தைகளின் அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆழமான ஒரு பையை, 2 சென்டிமீட்டர் கோட்டை வைத்துப் பார்ப்பதே மேல் என்று அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகம் 2014இலேயே கூறியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு பையே 2 சென்டிமீட்டருக்குக் கீழே போனால், வேறு குறை இல்லாவிட்டாலும் 36, 37 வாரங்களில், அதற்குப் பிறகு தெரிந்தால் உடனே, பிள்ளையைப் பிறப்பித்துவிடுவதே நல்லது என்றுதான் அதே கழகம் பரிந்துரைக்கிறது. வலி வரவழைத்தாலே கத்திதான் என்பதும் தவறு. 2018இல் அமெரிக்காவில் ஆபத்து குறைந்த 6,106 தலைப்பிரசவப் பெண்களிடம் நடந்த ஆய்வில், 39 வாரத்தில் வலி வரவழைக்கப்பட்டவர்களில் 18.6 விழுக்காட்டினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 விழுக்காட்டினருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது.

இரண்டு அனுபவங்கள்

என் தங்கைக்கு 39 வாரத்தில் கூட்டுத்தொகை 4.8 வந்தது. அவள் கேட்டாள். ஆழமான பை 2.6 இருந்தது. பிள்ளையின் வளர்ச்சி, இதயத்துடிப்பு, இரத்த ஓட்டம் எல்லாம் பார்த்து, "இரண்டு நாளில் வாருங்கள்" என்றார் மருத்துவர். நான்காம் நாள் தானாகவே வலி வந்தது.

என்னோடு வேலை செய்யும் ஒரு சகோதரிக்கு நடந்தது வேறு. நீர்ப் பை 2க்கும் கீழே. பிள்ளையின் எடையும் வாரத்துக்கு ஏற்ப ஏறவில்லை. அன்றே சேர்த்து வலியை வரவழைத்தார்கள். பிள்ளை மெலிந்து பிறந்தது, ஆனால் பிழைத்தது. அன்று காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் அவருக்கு உடல் நடுங்குகிறது. இருவரும் கேட்டது 'தண்ணீர் குறைவு' என்ற ஒரே சொல்தான். அதன் பொருள் மட்டும் இருவருக்கும் வேறு.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே தாய்மார்களே, நீர் குறைவு என்று சொன்னால் பதற வேண்டாம், எழுந்து ஓடவும் வேண்டாம். அமர்ந்து கேளுங்கள். எந்த முறையில் அளந்தீர்கள்? ஆழமான ஒரு பை எவ்வளவு? பிள்ளையின் வளர்ச்சியும் இரத்த ஓட்டமும் எப்படி? நீர் கசிகிறதா? கருப்பை வாய் கனிந்திருக்கிறதா? காத்திருந்தால் எப்போது மறுபடி பார்ப்பீர்கள்? தண்ணீர் குடித்தால் அளவு ஓரளவு கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மருத்துவரைப் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது. பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, கேள்வி எதுவும் வேண்டாம், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த உரைக்காக என் பழைய ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுத்தேன். நான்கு எண்கள் இருந்தன: 2.3, 1.2, 1.1, பூஜ்யம். கூட்டினால் 4.6. அந்த 2.3ஐ மட்டும் பார்த்திருந்தால் நான் 2 சென்டிமீட்டர் கோட்டுக்கு மேலே இருந்திருப்பேன். காத்திருந்தால் நல்லதாக முடிந்திருக்குமா, கெட்டதாக முடிந்திருக்குமா? அதைச் சொல்ல யாராலும் முடியாது. என் மகள் நலமாக இருக்கிறாள், அது போதும். ஆனால் அந்த நான்கு எண்களும் அன்றே என் கையில்தான் இருந்தன. நான்தான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள், கேளுங்கள்.