புல்வெட்டிக்கு இருக்கை வந்த கதை

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்றொரு ஊர். 1800களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் ஓடைகளெல்லாம் கம்பளி ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் படைவீரர்களின் சிவப்புச் சட்டைக்குத் துணி அங்கிருந்து போனது. நெய்து கெட்டிப்படுத்திய கம்பளியின் மேல் பிசிறு நிற்கும். அதை ஒரே சீராகக் கத்தரித்தால்தான் துணிக்குத் துணி என்ற பெயர். ஆட்கள் பெரிய கத்தரிக்கோலால் செய்துவந்த அந்த வேலையை ஓர் உருளை செய்யத் தொடங்கியது. உருளையைச் சுற்றிச் சுருளாக முறுக்கிய பிளேடுகள், அதன் அடியில் அசையாத ஒரு பட்டைக் கத்தி. உருளை சுழலும்போது இரண்டுக்கும் நடுவே சிக்கிய பிசிறு அறுந்து விழும்.

எட்வின் பியர்ட் பட்டிங் அந்த வட்டாரத்தில் இயந்திரங்களைச் செய்தும் பழுதுபார்த்தும் பிழைத்தவர். பிசிறை வெட்டுவது புல்லை வெட்டாதா என்று அவருக்குத் தோன்றியது. ஜான் ஃபெராபி என்ற வார்ப்பாலைக்காரர் பணம் போட்டார். 1830 ஆகஸ்ட் 31 அன்று காப்புரிமை கிடைத்தது. வெட்டும் அகலம் 19 அங்குலம். வார்ப்பிரும்புப் பல்சக்கரங்கள். பின்னால் உருளும் கனத்த உருளையே முன்னால் இருக்கும் பிளேடுகளைச் சுழற்றியது. அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள் என்று பட்டிங் இரவில்தான் இதை ஓட்டிப் பார்த்தார் என்றொரு கதை ஸ்ட்ரௌடில் வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, அந்த இரும்பு போடும் சத்தத்தில் ஊர் தூங்கியிருக்காது.

அதுவரை புல்தரை என்றால் நீண்ட பிடி வைத்த அரிவாளோடு விடியற்காலையில் இறங்கும் கூலியாட்கள். பனி ஈரத்தில்தான் அந்த அரிவாள் வழுக்காமல் அறுக்கும். இல்லாவிட்டால் ஆட்டுமந்தை. ஆகவே மழமழப்பான புல்தரை பிரபுக்களின் மாளிகைக்கு மட்டுமே கட்டுப்படியானது. பட்டிங்கின் இயந்திரம் காய்ந்த புல்லையும் வெட்டியது. நாட்டுப்புறக் கனவான்கள் தாங்களே இதைத் தள்ளினால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்று காப்புரிமை விண்ணப்பத்திலேயே ஆசை காட்டியிருந்தார். கனவான்கள் தள்ளியதாகத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர் தள்ள, முன்னால் இன்னொருவர் இழுக்கவும் அதில் ஒரு கைப்பிடி இருந்தது. அந்த இரண்டு பேரும் சம்பளக்காரர்கள்தான். முதலில் வாங்கிய இடங்களில் ஒன்று லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கின் விலங்கியல் பூங்கா. இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் 1832இல் உரிமம் பெற்றுத் தயாரிப்பில் இறங்கியது. பட்டிங் 1846இல் காலமானார். நம் பட்டறைகளில் ஸ்க்ரூ ஸ்பேனர் என்கிறார்களே, அதன் தொடக்க வடிவங்களில் ஒன்றும் அவர் கைவேலை. அதற்காகவாவது மெக்கானிக்குகள் அவர் படத்தை மாட்டலாம்.

இதன் பிறகு நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஏதோ ஒரு நிலம் இருக்கிறது. இந்த இயந்திரத்தின் வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். இன்ஜினைப் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊர் அலெக்ஸாண்டர் ஷாங்ஸ் 1842இல் மட்டக்குதிரை இழுக்கும் புல்வெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். காரணம், ஏக்கர் கணக்கில் பரந்த தோட்டம். ஆனால் குதிரையின் குளம்பு புல்தரையில் பதிந்து பள்ளமாக்கிவிடும். அதற்குத் தீர்வாகக் குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டினார்கள். நாலு காலுக்கும் நாடா கட்டிய பூட்ஸ் போட்டுக்கொண்டு குதிரைகள் புல்வெளியில் மேலும் கீழும் நடந்த காலம் அறுபது, எழுபது ஆண்டுகள் நீடித்தது. விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே இந்தக் குதிரைச் செலவில் பிறந்தது எனலாம். குரோக்கே பந்தாட்ட மைதானத்தைச் சமப்படுத்த விம்பிள்டனில் இருந்த கிளப் குதிரை இழுக்கும் உருளை வைத்திருந்தது. அது பழுதாகிவிட, சரிசெய்யப் பணம் சேர்க்கத்தான் 1877இல் முதல் போட்டியை நடத்தினார்கள்.

குதிரையை விட்டு நீராவிக்குத் தாவியவர் ஜேம்ஸ் சம்னர். லங்காஷயரில் லேலண்ட் என்ற சிற்றூரின் கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. 1890களின் தொடக்கத்தில் நீராவிப் புல்வெட்டி செய்தார். விற்கவும் விற்றது. ஆனால் இந்த வகை இயந்திரங்கள் ஒரு டன்னைத் தாண்டின. கொதிகலன் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத் தரையில் இறக்கினால் வெட்டிய புல்லைவிட அமுக்கிய புல் அதிகம். புல்வெட்டியில் பெரிதாக ஒன்றும் நிலைக்கவில்லை. சம்னர் 1896இல் கூட்டாளிகளோடு நீராவி வேன் செய்யும் கம்பெனி ஆரம்பித்தார். அது 1907இல் லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. அந்த லேலண்ட், மதராஸில் கார் கோத்துக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸில் பங்கு போட, 1955இல் பெயர் அசோக் லேலண்ட் என்று மாறியது. நம்மூர்ப் பேருந்தின் முகப்பில் பார்க்கும் அந்த ஆங்கிலக் கிராமத்தின் பெயருக்குப் பின்னால், பல படிகள் தள்ளி, ஒரு புல்வெட்டியும் நிற்கிறது.

இருக்கை பெட்ரோலோடு வந்தது. 1902இல் ரான்சம்ஸ் விற்பனைக்கு விட்ட பெட்ரோல் புல்வெட்டியின் அகலம் 42 அங்குலம். பின்னால் ஓட்டுநர் உட்கார ஓர் ஆசனம். விளையாட்டு மைதானங்களும் பெரும் பண்ணைவீடுகளும்தான் வாங்கின. வீட்டுத் தோட்டக்காரர் உட்கார இன்னும் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில் வெட்டும் முறையே மாறியது. பட்டிங்கின் உருளை இரண்டு கத்திகளுக்கு நடுவே புல்லைப் பிடித்து நறுக்கும். அதனால் தரை சமமாகவும் புல் குட்டையாகவும் இருக்க வேண்டும். கல்லும் கட்டாந்தரையும் முழங்கால் உயரப் புல்லுமாகக் கிடக்கும் இடத்தில் அது சிக்கிக்கொள்ளும். சிட்னியின் கான்கார்டு பகுதியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952இல் கிடைத்த பழைய சாமான்களை வைத்து ஒன்றைக் கோத்தார். படுத்தவாக்கில் சுழலும் தட்டில் பிளேடுகள், மேலே சின்ன டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோல் டேங்காக ஒரு காலி பீச் பழ டப்பா. சுழல் பிளேடு அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் அதை இலேசாகவும் மலிவாகவும் ஆக்கிச் சாமானியன் கையில் கொடுத்தவர் அவர். விக்டா என்ற பெயரில் அது ஆஸ்திரேலிய வீட்டின் அடையாளமாகி, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஊர்வலம் வந்தது.

அமெரிக்காவில் வேறு வகை நிலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் முளைத்தன. 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் என்ற புறநகரில் வீடு வாங்குகிறவர் வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும் என்று பத்திரத்திலேயே நிபந்தனை. இன்னும் தள்ளிப் போனால் வீட்டுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். நடந்து வெட்டினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். 1953இல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் அலுமினிய இன்ஜின் கொண்டுவந்ததும் எடையும் விலையும் இறங்கின. டிராக்டர் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1963இல் ஜான் டியர் தன் பெரிய டிராக்டரைச் சுருக்கியதுபோல் 110 என்ற மாடலைக் களமிறக்கியது. முன்னால் இன்ஜின், நடுவயிற்றில் பிளேடுகளை மூடிய டெக், மேலே இருக்கை. இன்றுவரை பெரும்பாலான இயந்திரங்களின் உருவம் இதுதான்.

இருக்கை வந்ததும் மனிதர்கள் புல்லை மறந்தார்கள். 1973இல் சஸ்ஸெக்ஸ் மாவட்டத்து மதுக்கடை ஒன்றில், செலவில்லாத மோட்டார் பந்தயம் எது என்று யோசித்த ஒரு கூட்டம் புல்வெட்டிப் பந்தயத்தைத் தொடங்கியது. பாதுகாப்புக்காகப் பிளேடைக் கழற்றிவிடுவது விதி. ஃபார்முலா ஒன் வீரர் ஸ்டிர்லிங் மாஸ்கூட ஓட்டினார். 1994இல் அயோவாவின் லாரன்ஸ் ஊரைச் சேர்ந்த 73 வயது ஆல்வின் ஸ்ட்ரெய்ட், பக்கவாதம் வந்த அண்ணனைப் பார்க்க விஸ்கான்சினுக்குப் புறப்பட்டார். பார்வை மங்கியதால் கார் லைசென்ஸ் இல்லை. 1966ஆம் வருடத்து ஜான் டியர் புல்வெட்டியின் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, மணிக்கு 5 மைல் வேகத்தில் 240 மைல். போய்ச் சேர ஆறு வாரம் ஆனது. டேவிட் லிஞ்ச் 1999இல் அதைப் படமாக்கினார். இருபத்தெட்டு வருடப் பழைய இயந்திரம் இதையும் தாங்கியது என்பதை வாங்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி வாங்கும் விஷயம். அரை ஏக்கருக்குக் குறைந்த தோட்டத்துக்கு இருக்கை வைத்த புல்வெட்டி வீண்செலவு என்பது என் கருத்து. அதற்கு மேலே என்றால் முதல் கேள்வி அகலம். ஒரு மீட்டர் டெக்கோடு மணிக்கு 6 கிலோமீட்டர் போனால் காகிதக் கணக்கில் மணிக்கு 6,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கர். திரும்புவதும் ஏற்கெனவே வெட்டிய இடத்தின்மேல் சற்று ஏறி வெட்டுவதும் போக ஓர் ஏக்கர் தேறும். டெக்கை 1.2 மீட்டர் ஆக்கினால் அந்த ஓர் ஏக்கரில் மிச்சமாவது பத்து நிமிடம். பத்து நிமிடத்துக்காக அவ்வளவு கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மேடுபள்ளமான தரையில் அகலமான டெக் ஒருபக்கம் மண்ணைச் சுரண்டும், மறுபக்கம் புல்லை விட்டுவிடும்.

அடுத்தது மரங்கள். திறந்த வெளியில் நேராக ஓட்டுபவருக்கு கியர் வண்டி போதும். மரத்துக்கு மரம் நின்று, பின்வாங்கி, வளைந்து போகிறவருக்கு ஹைட்ரோஸ்டாடிக் வேண்டும். அதில் கியர் மாற்றும் வேலை இல்லை; பம்பு தள்ளும் எண்ணெய் சக்கரத்தைச் சுழற்ற, காலால் மிதிக்கும் அளவுக்கு வேகம். பாறையும் புதரும் நிறைந்த தோட்டங்களுக்காகச் சுவீடன்காரர்கள் டெக்கை வண்டிக்கு முன்னால் கொண்டுபோனார்கள். கிளைக்கு அடியில் டெக் மட்டும் நுழையும், ஓட்டுகிறவர் முகத்தில் முள் கிழிக்காது.

ஜீரோ டர்ன் என்கிற வகை 1960களில் கான்சஸில் ஜான் ரெஜியர் வடிவமைத்தது. இரண்டு பின்சக்கரங்களையும் இரண்டு நெம்புகோல்கள் தனித்தனியே ஆட்டுவதால் நின்ற இடத்திலேயே சுற்றும். சமதரையில் இதற்கு இணை இல்லை. சரிவில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்சக்கரங்கள் சும்மா சுழல்பவை. பின்சக்கரம் வழுக்கினால் வேகத்தோடு திசையும் கையைவிட்டுப் போய்விடும்.

சரிவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். பொதுவாகக் கையேடுகள் சொல்லும் எல்லை 15 டிகிரி. நாலு மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் ஏறினால் அந்த எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். உட்கார்ந்து ஓட்டும் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும். இருக்கையிலிருந்து எழுந்தால் பிளேடை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று அடியில் இருக்கும். சிலர் தொல்லை என்று அதன் ஒயரைத் துண்டித்துவிடுகிறார்கள். பழைய வண்டி வாங்கும்போது முதலில் இதைச் சோதியுங்கள். குழந்தைகளை மடியில் வைத்து ஓட்டுவது வேண்டவே வேண்டாம்.

பேட்டரியா பெட்ரோலா என்பது புதிய கேள்வி என்று நினைக்கிறோம். ஜெனரல் எலக்ட்ரிக் 1969லேயே ஈய பேட்டரியில் ஓடும் தோட்ட டிராக்டரை விற்றது. காலத்துக்கு முந்தி வந்ததால் நிலைக்கவில்லை. இப்போது லிதியம் பேட்டரி அதே யோசனைக்கு உயிர் கொடுத்திருக்கிறது. 2021இல் கையெழுத்தான கலிஃபோர்னியா சட்டம் சின்ன பெட்ரோல் இன்ஜின்களின் புது விற்பனைக்கு முடிவுகட்ட வழிவகுத்தது. ஒன்றிரண்டு ஏக்கருக்குப் பேட்டரியே போதும், காதும் பிழைக்கும். அதற்கு மேலே உள்ளவர்கள் ஒரே சார்ஜில் வெட்டி முடியுமா என்று, கடையின் விளம்பரத் தாளை நம்பாமல், உயரமான ஈரப்புல்லில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கடைக்குப் போகுமுன் தோட்டத்து வழியில் எது மிகக் குறுகலோ அதை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 42 அங்குலம் என்பது வெட்டும் அகலம் மட்டுமே. புல்லை வெளியே தள்ளும் பக்கவாட்டுக் கூண்டையும் சேர்த்தால் அந்த வண்டி 50 அங்குல கேட்டுக்குள் நுழையாது.