எண்ணாகி நிற்கும் எழுத்து

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றியது தமிழ் மரபு. அவற்றுள் ஒன்றை மற்றொன்றினுள் அடக்கிவிட்டது கணினி. கணினி அறிந்தவை சுழியும் ஒன்றுமே. ஆதலின், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கி, அவ்வெண்களை வரிசையாகச் சேமித்து வைப்பதே எளிய உரைக்கோப்பின் இயல்பாகும். எழுத்தின் வடிவோ, அளவோ, நிறமோ அதில் இடம்பெறுவதில்லை. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடு ஒன்றே அவ்வெண்களுக்குப் பொருள் தருகிறது. அத்தகைய உடன்பாட்டைத் தேடித் தமிழ் நடந்த வழி நெடியது.

ஆங்கிலத்திற்கு அவ்வழி எளிதாக வாய்த்தது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்னும் தரம், ஏழு இருமக்குறிகளால் 128 எண்களை வகுத்தது. ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பேரெழுத்துக்கு 65, சொற்களுக்கு இடைப்பட்ட வெளிக்கு 32 என எண்கள் அமைந்தன. பின்னர், எட்டு இருமக்குறிகள் கொண்ட பைட் நிலைபெற்றபோது இடங்கள் 256 ஆயின. தமிழ் எழுத்துகள் 247. எண்ணிக்கையளவில் அவை அடங்கக் கூடியனவே. ஆயினும், முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கு உரியனவாகிவிட்டமையால், எஞ்சிய பாதியில் தமிழ் ஒடுங்க வேண்டியதாயிற்று.

1980களிலும் 1990களிலும் ஆர்வலர் பலர் இத்தடையைக் கடக்க முயன்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி கணியன் முறையை வகுத்தார். தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் வேறு பல எழுத்துருக்கள் தோன்றின. முயற்சிகள் பெருகின, உடன்பாடு பிறக்கவில்லை. ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற இலத்தீன் குறிகளே திரையை நிறைத்தன. கோப்பிலிருந்த எண்களுள் ஒன்றும் அழியவில்லை. அவற்றைத் தமிழெனப் படிக்கும் முறையே அக்கணினிக்குத் தெரியவில்லை. கடல் கடந்து பல நாடுகளில் வாழும் தமிழருக்கு இது சிறு இடையூறு அன்று.

இக்குறை தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதனை முன்னின்று நடத்திய கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். அதே ஆண்டில் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் தரங்கள் எழுந்தன. ஆர்வலர்கள் கூடி அமைத்த திஸ்கியும் வழக்கிற்கு வந்தது. ஒன்றை நாடியோர்க்குப் பல கிடைத்தன எனலாம்.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1991இல் வெளியான ஒருங்குறியே இறுதியில் நிலைத்தது. இந்திய அரசின் இஸ்கி தரத்தைத் தழுவி அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயிர்மெய்கள் அனைத்திற்கும் அதில் தனியிடம் இல்லை. 'கி' என்பது 2965, 3007 என்னும் ஈரெண்களின் சேர்க்கை. இதனைக் குறையெனக் கருதிய அறிஞர் உளர். 2010இல் ஒருங்குறியை ஏற்ற தமிழ்நாட்டரசு, எழுத்துதோறும் தனியிடம் வழங்கும் டேஸ் 16 முறையையும் மாற்றுத் தரமாக ஏற்றது. எனினும், ஒருங்குறியில் ஒரு நயமும் உண்டு. 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்பினும், கோப்பில் மெய்க்குரிய எண்ணே முன்னும் உயிர்க்குறியின் எண் பின்னும் நிற்கும். உயிர்மெய்யில் மெய்யே முன்னர் ஒலிக்கும் என்னும் இலக்கணத்திற்கு இஃது இயைந்ததாகும்.

பழைய எழுத்துருக்களில் உருவான கோப்புகள் இன்றும் உள்ளன. உரிய அட்டவணை கிடைத்தால் அவை மீளும். கிடைக்காவிடில் வெறும் எண்களாகவே கிடக்கும். முன்னோர் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதினர். மரபறிந்தோர் அதனைப் படித்தனர். ஏட்டைக் கரையான் அரித்தது. கோப்பைக் கரையான் தீண்டாது. ஆயினும், எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையிலான உடன்பாட்டை ஒரு தலைமுறை மறந்தால், அடுத்த தலைமுறைக்கு அதுவும் படிக்கவியலாத ஏடே.