ஊர்ப்பெயர் பெறாத கொட்டை

பொருளுக்கு முன்னால் ஊரின் பெயரை வைப்பது தமிழர் வழக்கு. ஈரோட்டு மஞ்சள், உடன்குடிக் கருப்பட்டி, சிறுமலை வாழைப்பழம் என்று சொல்லும்போது மண்ணையும் நீரையும் கைப்பக்குவத்தையும் சேர்த்தே சொல்கிறோம். நிலத்தை முதற்பொருள் என்றும் உணவைக் கருப்பொருள் என்றும் வகுத்த தொல்காப்பிய மரபில் இது வியப்பன்று. ஆயினும் நம் மண்ணில் விளைந்தும் இருநூறு ஆண்டுகள் ஊர்ப்பெயர் பெறாதிருந்த பயிர் ஒன்று உண்டு. அது கொக்கோ.

கொக்கோவின் தாயகம் அமேசான் படுகையின் மேற்பகுதி. இன்றைய ஈக்வடாரில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதைப் பயன்படுத்தியதற்குத் தடயங்கள் கிடைத்துள்ளன. இந்தியாவில் அது நுழைந்த வாயில் குற்றாலம். 1796இல் டச்சுக்காரரிடமிருந்து அம்போய்னாத் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1798இல் அங்கிருந்து கொக்கோவைக் கொணர்ந்து குற்றாலத்தில் நட்டனர். அதன்பின் நெடுங்காலம் அது தோட்டக்கலை ஆர்வலரின் மரமாகவே நின்றது. 1960களில் காட்பரி நிறுவனத்தின் முயற்சியால் கேரளத்தில் வணிகப் பயிராயிற்று. 1980களில் விலை வீழ்ந்தபோது உழவர் பலர் மரங்களையே வெட்டி எறிந்தனர். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது பெருகியது பெரும்பாலும் இந்த நூற்றாண்டில்தான்.

கொக்கோவின் சுவை மரத்தில் முடிந்துவிடுவதில்லை. பழத்தை உடைத்து, வெண்சதை ஒட்டிய கொட்டைகளை மரப்பெட்டியில் ஐந்தாறு நாள் புளிக்கவிட வேண்டும். சதையின் சர்க்கரை சாராயமாகும், சாராயம் காடியாகும், வெப்பம் 45 பாகையைத் தாண்டும், முளை சாகும். சாக்லேட் மணத்துக்கு வித்திடுபவை இந்த நாட்களே. ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் சுவை மாறும். பல தோட்டத்துக் கொட்டைகளைக் கலந்து அரைக்கும் பேராலைக்கு இந்த வேறுபாடு தேவையில்லை. எங்கும் எப்போதும் ஒரே சுவை என்பதே அதன் குறிக்கோள்.

இதற்கு எதிர்த்திசையில், கொட்டையைத் தாமே வறுத்து அரைக்கும் சிறு தயாரிப்பாளர்கள் தோன்றினர். ஆரோவில்லில் 2014இல் மேசன் அண்ட் கோ தொடங்கியது. 2017இல் பொள்ளாச்சிப் பகுதியில், சொந்தத் தோட்டத்துக் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யும் சோக்லெட் வந்தது. அதன் உறையில் ஆனைமலையின் பெயர் ஏறியது. கொக்கோ அளவு ஒன்றாகவே உள்ள இரு தயாரிப்பாளரின் கருஞ்சாக்லேட்டை அடுத்தடுத்துச் சுவைத்தால், ஒன்றில் பழத்தின் புளிப்பு முந்தும். மற்றொன்றில் வறுவலின் கசப்பு நெடுநேரம் நிற்கும். நாவுக்கு எட்டுவது மண் மட்டுமன்று. பெட்டியைக் கிளறிய கையும், வறுத்தவரின் முடிவும் அதில் உண்டு.

கோவைக்கு இதில் இன்னொரு பங்கும் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் வீட்டிலேயே சாக்லேட் செய்ய முயன்றோர், கொக்கோவை இரண்டு மூன்று நாள் ஓயாமல் அரைக்கும் சிறு கருவியைத் தேடினர். அவர்களுக்குக் கிடைத்தது நாம் இட்லிக்கு மாவரைக்கும் கல் கிரைண்டர்! அதைத் திருத்தி அமைத்த இயந்திரங்களே இன்று உலகெங்கும் சிறு சாக்லேட் கூடங்களில் சுழல்கின்றன. கோயம்புத்தூர் கிரைண்டர் தன் ஊர்ப்பெயரோடு புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. பக்கத்துத் தோப்பில் விளையும் கொட்டையோ பெரும்பாலும் பெயரின்றியே மூட்டையில் போகிறது.

பெயரால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நியூயார்க் சந்தையில் 2024 டிசம்பரில் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டிய கொக்கோ, 2025 முடிவதற்குள் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பெயரற்ற கொட்டைக்கு அந்தச் சந்தை சொல்வதே விலை. ஊரும் தோட்டமும் அறிந்து வாங்கப்படும் கொட்டைக்கு, வாங்குபவரோடு பேசி விலை வைக்கச் சிறிது இடமுண்டு. அந்த இடம் இன்று ஒருசில தோட்டங்களுக்கே வாய்த்திருக்கிறது. அது விரியாவிட்டால், அடுத்த வீழ்ச்சியில் பொள்ளாச்சியிலும் கோடரிதான் பேசும்.