ஓடுகிற புரோகிராமை மாற்றலாமா?

“நல்லா ஓடுற புரோகிராமை எதுக்குத் தொடணும்?” என்பார் மூத்தவர். “பழசை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு மாரடிக்கிறது?” என்பார் இளையவர். மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளின் கம்ப்யூட்டர் பிரிவில் இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை. நம் ரயில்வே முன்பதிவின் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

1985 நவம்பரில் புதுடெல்லியில் ‘இம்ப்ரஸ்’ என்ற கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. சி.எம்.சி. நிறுவனம் அதை ஃபோர்ட்ரான் மொழியில் உருவாக்கியது. லெட்ஜர் போயிற்று, எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்றாயிற்று. பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்களும் கம்ப்யூட்டருக்கு மாறின.

ஆனால் ஒவ்வொரு மையமும் தனித்தீவு. சென்னைக் கம்ப்யூட்டர் டெல்லிக் கம்ப்யூட்டரோடு பேசாது. திரும்பி வரும் டிக்கெட்டுக்குப் பயணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1986-இல் ரயில்வே அமைச்சகம் தொடங்கிய ‘கிரிஸ்’ நிறுவனம், ‘கான்செர்ட்’ என்ற புதிய மென்பொருளை எழுதியது. 1994-இல் முதலில் செகந்திராபாத்தில் மட்டும் ஓடவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு மையமாக மாற்றி, 1999 ஏப்ரலில் ஐந்தையும் இணைத்தார்கள். 2002 ஆகஸ்டில் இன்டர்நெட் டிக்கெட் வந்தபோது கான்செர்ட்டைத் தூக்கி எறியவில்லை. முன்னால் புது வாசல் வைத்தார்கள். உள்ளே இடம் ஒதுக்கியது அதே கான்செர்ட்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபோர்ட்ரான் பழசாகிவிட்டது என்பதற்காக இம்ப்ரஸை மாற்றவில்லை. ஊர்களை இணைக்கும் வேலை அதனால் ஆகவில்லை, அதனால் மாற்றினார்கள். கோட்டா, காத்திருப்போர் பட்டியல், ஆர்.ஏ.சி., சலுகைக் கட்டணம் என்ற விதிகளையெல்லாம் புதியதிலும் கொண்டுவர வேண்டியிருந்தது. மொழியை மாற்றுவது சுலபம். விதி ஒன்று விட்டுப்போனால் பயணி நடுத்தெருவில்!

நம் பகுதித் தொழிற்சாலையின் பழைய கோபால் புரோகிராமும் அப்படித்தான். அர்த்தமில்லாத வரிபோலத் தெரிவது, என்றோ ஒரு வரிச் சட்டத்துக்காகவோ போனஸ் ஒப்பந்தத்துக்காகவோ சேர்த்ததாக இருக்கும். காரணம் தெரிந்தவர் ரிடையர் ஆகிவிட்டால் கேட்க ஆள் இல்லை. அந்த நிலை வருமுன் மாற்றத்தைத் தொடங்குவதே நல்லது.

மாணவத் தம்பி, தங்கைகளே! கோடு எழுத உட்காருமுன் கணக்குப் பிரிவு குமாஸ்தாவோடு நாலு நாள் உட்காருங்கள். பழசையும் புதுசையும் சில மாதம் சேர்த்து ஓட்டி, பைசா சுத்தமாக டேலி பாருங்கள். மூத்த நண்பர்களே! ஒவ்வொரு விதியும் ஏன் வந்தது என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.