முதற்பக்கம் யாருக்கு? போர்க்கால யெனானில் ‘விடுதலை நாளிதழ்’ மீதான அரசியற் கட்டுப்பாடு

சீனப் பொதுவுடைமைக் கட்சியின் 1942ஆம் ஆண்டுத் திருத்த இயக்கம் பெரும்பாலும் கோட்பாட்டுப் போராட்டமாகவே விளக்கப்பெறுகிறது. அவ்வியக்கம் கட்சியின் அதிகாரப்பூர்வ ஏடான ‘ஜியேஃபாங் ரிபாவ்’ (விடுதலை நாளிதழ்) வழியாகவும் நிகழ்ந்தது. எச்செய்தி எப்பக்கத்தில் இடம்பெற வேண்டும் என்ற வினாவே அங்கு அதிகாரப் பூசலாக உருவெடுத்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

யெனானில் இயங்கிய இரு ஏடுகளை இணைத்து 1941 மே 16 அன்று இந்நாளிதழ் தொடங்கப்பெற்றது. இதழின் பெயரைத் தூரிகையால் எழுதித் தந்தவர் மா சே துங். நிருவாகத் தலைமை ஏற்றவர் போ கூ. மாஸ்கோவில் பயின்ற போ கூ, 1930களின் தொடக்கத்தில் கட்சியை வழிநடத்தி, 1935 ஜனவரியில் சுன்யி மாநாட்டில் அப்பொறுப்பை இழந்தவர். அவர் பொறுப்பில் முதலிரு பக்கங்களில் உலகச் செய்திகளும், மூன்றாம் பக்கத்தில் உள்நாட்டுச் செய்திகளும், இறுதிப் பக்கத்தில் யெனானை உள்ளடக்கிய எல்லைப் பகுதியின் செய்திகளும் வெளிவந்தன. இதழ் தொடங்கிய மறுமாதமே ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதை நினைத்தால் இவ்வரிசை பொருந்தாதது எனக் கூறிவிட இயலாது. ஆனால் 1942 பிப்ரவரி 1 அன்று கட்சிப் பள்ளியில் மாவோ ஆற்றிய திருத்த இயக்க உரை பற்றிய செய்தியும் மூன்றாம் பக்கத்திலேயே இடம்பெற்றது. கட்சித் தலைமை இதனைப் பக்க அமைப்புச் சிக்கலாக மட்டும் கருதவில்லை.

இதற்கிடையே இதழின் இலக்கியப் பகுதியிலிருந்து வேறொரு சிக்கல் எழுந்தது. அதன் ஆசிரியரான திங் லிங், யெனானில் பெண்களின் நிலை குறித்து மார்ச் 9 அன்று கட்டுரை எழுதினார். வாங் ஷிவேய் எழுதிய ‘காட்டு அல்லிகள்’ மார்ச் 13, 23 ஆகிய நாள்களில் வெளிவந்து, உணவிலும் உடையிலும் நிலவிய படிநிலை வேறுபாட்டைச் சுட்டியது.

இவ்விரு சிக்கல்களும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்தவை என்பது கருதத்தக்கது. முதலாவது, இதழ் யெனானைப் பொருட்படுத்தவில்லை என்னும் குறை; இரண்டாவது, யெனானை மிக நெருங்கிப் பார்த்துவிட்டது என்னும் குறை. எனினும் இரண்டிற்கும் ஒரே தீர்வு காணப்பட்டது. மார்ச் 31 அன்று எழுபதுக்கும் மேற்பட்டோர் கூடிய கூட்டத்தில் இதழின் சீரமைப்பைப் பேசிய மாவோ, அதே உரையில் முழுச் சமத்துவம் கோருவோரையும் எள்ளல் நடையில் எழுதுவோரையும் கண்டித்தார். மறுநாளே புதிய அமைப்பில் இதழ் வெளிவந்தது. ஏப்ரல் 30 அன்று முதற்பக்கத்தை ஊ மன்யோ என்னும் உழவரின் உழைப்புச் சிறப்பு நிரப்பியது. உள்ளூர் மக்களுக்கு முதற்பக்கம் கிடைத்தது உண்மையே. அங்கு எத்தகைய மனிதர் தோன்றலாம் என்பதும் அத்துடன் வரையறுக்கப்பட்டது.

போ கூ பதவிநீக்கம் செய்யப்படவில்லை. இதழின் குறைகளை அவரே ஒப்புக்கொண்டு பொறுப்பில் நீடித்தார். ஆகஸ்டில் லூ திங்யி தலைமை ஆசிரியரானார். செப்டம்பர் 22 தலையங்கம், கட்சி இதழ் கட்சியினுடையதே அன்றி அதில் பணியாற்றுவோருடையது அன்று என்னும் கொள்கையை வெளிப்படையாக வகுத்தது. தலைவரை மாற்றாமலே அவரது தன்னுரிமையை அகற்றிய இம்முறை, வெளிப்படையான நீக்கத்தைவிட வலியது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

திங் லிங் ஜூன் மாதத்தில் இதே இதழில் வாங் ஷிவேயைக் கண்டித்து எழுத நேர்ந்தது. வாங் 1943இல் கைதானார், 1947இல் கொல்லப்பட்டார். அவ்வாண்டு மார்ச் 27 அன்று இதழும் நின்றுபோயிற்று. வாங் மீதான குற்றச்சாட்டு 1991இல்தான் விலக்கப்பட்டது.